சனிக்கிழமை பேபிளேட் போட்டி: லோஞ்சர் வாங்க முதல்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

வாற சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு எங்கட வாசிகசாலை மண்டபத்தில பிள்ளையளுக்குப் பேபிளேட் எண்ட விளையாட்டுப் பம்பரப் போட்டி. கிளிநொச்சி ரவுணுக்கு லோஞ்சர் (பம்பரத்தைக் கொழுவிச் சுத்தி விடுற கருவி) வாங்கப் போறாக்கள் இதைப் பாத்திட்டுப் போங்கோ.

1. பம்பரம் பேர்ஸ்ட் வகையா, எக்ஸ் வகையா எண்டு பாருங்கோ. 2023இல வந்த எக்ஸ் பம்பரத்துக்குப் பழைய பேர்ஸ்ட் லோஞ்சர் கொழுவாது.

2. கூடுதலானவை வலப்பக்கம் சுத்துறவை. கோபால்ட் டிராகூன் எண்ட பம்பரம் மாதிரி இடப்பக்கம் சுத்துறதுக்கு இடப்பக்க லோஞ்சர்தான் வேணும்.

3. பல்லுப்பட்டி இழுக்கிற லோஞ்சர் சின்னப் பிள்ளையளுக்குப் போதும். பல்லுத் தேஞ்சால் பட்டியை மாத்துங்கோ. கயிறு லோஞ்சருக்கு ஒவ்வொரு தரமும் பட்டி செருகத் தேவையில்லை, எனக்கு அதுதான் விருப்பம். ஆனா நேரா இழுக்கப் பழக்குங்கோ. சரிச்சு இழுத்தால் கயிறு விளிம்பில உரஞ்சி கெதியில அறும். இழுத்த பிறகு கயிறைச் சடாரெண்டு விடாமல் மெல்ல உள்ள போக விடோணும்.

4. விலையைப் பாக்காமல் பிள்ளையின்ர கைக்கு அடங்குதா எண்டு பாருங்கோ.

5. லோஞ்சரில பேர் எழுதி விடுங்கோ. மேலதிகமா வைச்சிருக்கிறாக்கள் கொண்டு வாங்கோ, இல்லாத பிள்ளையளும் விளையாடோணும்.

வியாழன் இரவுக்குள்ள பிள்ளையின்ர பேர், வயசு, பம்பர வகை மூண்டையும் இங்க போடுங்கோ.