ஸ்பூல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

நம் ஊர் சிவன் கோயில் உற்சவக் கமிட்டியாருக்கு,

வணக்கம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே முப்பது வருஷம் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் எழுதுகிறேன். மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் கிடக்கும், பழைய நாகஸ்வரக் கச்சேரிகள் பதிந்த 42 ஒலிநாடா ஸ்பூல்களை வைத்துக் கமிட்டி இரண்டு கட்சியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இளவட்டங்கள் எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, நாடாவையும் அதை ஓட்டும் டெக்கையும் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்களாம். பெரியவர்களோ டிஜிட்டலில் நாகஸ்வரத்தின் உயிர் போய்விடும், இந்த வருஷ உற்சவத்தையும் ஸ்பூலிலேயே பிடிக்க வேண்டும் என்கிறார்களாம். இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

டிஜிட்டலில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை வெட்டி எடுக்கிறார்களே, வெட்டுக்கு நடுவே கமகம், அதாவது சுரத்தின் அசைவு, விழுந்துவிடாதா என்று பொருளாளர் அண்ணன் கேட்டாராம். விழாது அண்ணே. அந்த எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே இருக்கும் அதிர்வு அத்தனையும் முழுசாகத் திரும்ப வரும். மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் எட்டாது. நம் வயதுக்கு அதில் பாதி கேட்டாலே புண்ணியம். நாடாவில் உங்களுக்குப் பிடித்தது வேறு. தவில்காரர் கழியால் ஓங்கிப் போடும்போது நாடா அந்த அடியைக் கொஞ்சம் அமுக்கி வாங்கிக்கொள்ளும். டிஜிட்டலில் லெவல் உச்சம் தாண்டினால் அலையின் தலையைச் சீவிவிடும், கரகர என்று கேட்கும். அதற்கு மருந்து, ஒவ்வொரு வெட்டின் அளவையும் இன்னும் நுணுக்கமாகக் குறிக்கும் 24 பிட்டில் லெவலை நன்றாக இறக்கி வைத்துப் பிடிப்பது. நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசு வாயிலேயே மைக்கைத் திணித்துவிட்டு டிஜிட்டலைத் திட்டிப் பிரயோசனமில்லை. அந்தக் காலத்தில் மண்டபத்தில் ஒரே மைக், அதுவும் பத்தடி தள்ளி.

பழைய கருவிகளும் கச்சேரியை வெட்டாமல் விடவில்லை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்காக வாசிக்கும் தோடி ராகத்தை, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷமாகத்தான் வாங்கிக்கொண்டது. அப்புறம் 90 நிமிஷக் கேசட் வந்தது. 45 நிமிஷம் ஆனதும் ஆலாபனை நடுவில் நானே திருப்பிப் போட்டிருக்கிறேன். அந்தப் பத்து விநாடி போனது போனதுதான். ஆகவே இந்த வருஷத்துக் கச்சேரியை டிஜிட்டலிலேயே பிடியுங்கள்.

இனி தம்பிகளுக்கு. டவுனில் ஒருவரிடம் கொடுத்து மாற்றிய எம்பி3 ஒன்றைச் செயலாளர் தம்பி போன மாசம் போட்டுக் காட்டினான். கம்பளி போர்த்திக்கொண்டு வாசித்த மாதிரி இருந்தது. அதே ஸ்பூலை வாங்கி என் டெக்கில் மாட்டினேன். ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை, மெதுவாகத் துடைத்தேன். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட் பக்கத்து ஸ்குரூவை ஒரு முடி அளவு திருப்பினேன். சட்டென்று ஊதுகிற சீவாளியின் காற்றுச் சத்தம் வெளியே வந்தது, அதற்குப் பின்னால் யாரோ "பலே" என்றார்கள், தூரத்தில் கோயில் மணி. தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். பதிவு செய்த டெக்கின் ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ, அதற்கு நம் ஹெட்டை ஒத்து வைக்காவிட்டால் மேல் ஸ்தாயி மங்கிவிடும். டவுன்காரர் அதைச் செய்யவில்லை. ஸ்பூல் கையில் இருந்ததால் பிழைத்தோம். எடைக்குப் போட்டிருந்தால் அந்தக் கம்பளிதான் மிச்சம்.

மாற்றும்போது 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 96,000 வெட்டு, 24 பிட், எம்பி3 மாதிரி சுருக்காத வேவ் ஃபைல். மணிக்கு 2 ஜிபி சொச்சம் ஆகும். ஸ்பூலுக்கு ஒரு மணி என்று வைத்தாலும் 42க்கும் 90 ஜிபி தாண்டாது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றைக் கோயிலிலும் ஒன்றை வேறு ஊரிலும் வையுங்கள். எம்பி3 வாட்ஸப்பில் அனுப்ப மட்டும். நாடா கெடும்போது பூஞ்சை, புளித்த வாடை என்று நமக்குச் சொல்லிவிட்டுக் கெடும். பென்டிரைவ் ஒரு நாள் காலையில் பேசாமல் இருந்துவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஓட்டி முடித்த ஸ்பூலைத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே வையுங்கள். ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டும். திருப்பிச் சுற்றி வைத்தால் முதல் சுரத்துக்கு முன்னாலேயே அதன் ஆவி கேட்கும்.

டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்ற ஒரு வாரம் கொடுங்கள். ஐப்பசி அடைமழையில் நாடா ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். புரட்டாசிக்குள் 42 ஸ்பூலையும் என் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள். கூலி வேண்டாம். ஹெட் துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும், பக்கத்தில் உட்கார ஒரு தம்பியும் போதும்.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரன்