இளைஞர் அணி வேண்டாம், வங்கிக் கையெழுத்தைக் கொடுப்போம்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பிரித்தானியக் கிளை நிர்வாகசபைக்கும், லண்டனில் இயங்கும் மற்றப் பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்களின் பெரியவர்களுக்கும்,

வணக்கம். வரும் பொதுக்கூட்டத்தோடு நான் பொருளாளர் பதவியை விடுகிறேன். 19 வருடம் போதும். பொன்னாடை போர்த்த வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே நாலு கிடக்கிறது. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: என் கதிரையில் இன்னொரு ஓய்வூதியக்காரரை இருத்தாதீர்கள். முப்பது வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளைச் சபைக்குள் எடுங்கள். அதில் ஒருவருக்கு வங்கிக் கையெழுத்தை, அதாவது சங்கக் கணக்கில் கையெழுத்திடும் உரிமையை, கொடுங்கள்.

1988இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கியது யார் என்று நினைத்துப் பாருங்கள். ஈஸ்ட்ஹாமில் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. 83 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துவிட்டு, நித்திரைக் கண்ணோடு குந்தியிருந்த பொடியன்கள். முப்பத்தைந்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. வங்கியில் கணக்குத் திறந்து கையெழுத்து வைத்தபோது எனக்கு 29. ‘அனுபவம் இருக்கிறதா?’ என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கமே இருந்திராது. இன்று ஒன்பது பேர் கொண்ட சபையில் ஆக இளையவருக்கு வயது 61.

‘பிள்ளையள் வருகினம் இல்லை’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுகிறோம். வராமலா கலைமாலை நடக்கிறது? கதிரை அடுக்குவது, ஒலிவாங்கி பூட்டுவது, நுழைவுச்சீட்டு விற்பது, வட்ஸ்அப்புக்கு நோட்டீஸ் செய்வது எல்லாம் யார்? விளக்கேற்றுவதும் தலைமையுரையும் எங்களுக்கு. நன்றியுரையை மட்டும் ஒரு பிள்ளையிடம் கொடுப்போம். அந்த நேரம் மண்டபம் கொத்துரொட்டி வரிசையில் நிற்கும். ‘இளைஞர் அணி’ என்று ஒன்றை உண்டாக்கினோம். அதற்கு வாக்கு இல்லை, காசு இல்லை. ரீ-ஷேர்ட் மட்டும் இருந்தது.

2022ஐ எழுதாமல் விட முடியவில்லை. இலங்கையில் டொலர் இல்லாமல் போய், கடதாசித் தட்டுப்பாட்டால் அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். எங்கள் பாடசாலையிலும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது இளைஞர் அணியில் இருந்த ஒரு பெண்பிள்ளை, இங்கே பிறந்தவள், மருந்தகத்தில் வேலை செய்பவள், ஒரு திட்டம் எழுதி அனுப்பினாள்: ஒரு தவணைக்குக் காலைச் சாப்பாடு, அதோடு கொப்பிகள். எவ்வளவு செலவாகும் என்று பாடசாலை அதிபரிடமே கேட்டுக் கணக்கும் போட்டிருந்தாள். நாங்கள் அப்போது நூற்றாண்டு நுழைவாயில் வளைவுக்குப் பளிங்கா, கருங்கல்லா என்று பேசிக்கொண்டிருந்தோம். ‘பிள்ளை, அடுத்த கூட்டத்திலை பாப்பம்’ என்றோம். ‘அடுத்த கூட்டத்திலை பாப்பம்’ ஒன்பது கிழமை இழுத்தது. அதற்குள் அவள் தன் சிநேகிதர்களிடம் சேர்த்த காசை நேரே அதிபருக்கு அனுப்பிவிட்டாள். பிறகு எங்கள் கூட்டத்துக்கு வரவேயில்லை. வளைவு கட்டியாயிற்று. எங்கள் ஒன்பது பேரின் பெயரும் அதில் வடிவாக வெட்டப்பட்டிருக்கிறது. ‘பாப்பம்’ என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது.

இன்னொன்றும் என் பிழைதான். எனக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோது, சங்கத்தின் இணைய வங்கி இரகசியச் சொல் என்னிடம் மட்டும் இருந்தது. அதை எழுதிய துண்டு மனைவியின் தையல் பெட்டிக்குள். மற்றக் கையெழுத்துக்காரர் கனடாவில், மகள் வீட்டில். இரண்டு மாதம் ஒரு பவுண்கூட அசையவில்லை. நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள், தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சரிட்டி கொமிஷனுக்குப் போகவேண்டிய கணக்கும் பிந்தியது; அந்தத் தாமதம் ஊரெல்லாம் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறியது. இத்தனைக்கும் நாங்கள்தான் அனுபவசாலிகள்.

சட்டம் எங்களைவிடத் தாராளமானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எங்களைப்போன்ற சாதாரணச் சங்கத்துக்கு 18 வயதில் அறங்காவலர், அதாவது நிர்வாகசபை உறுப்பினர், ஆகலாம். கம்பனியாகவோ, தொண்டு நிறுவனங்களுக்கென்றே உள்ள சீ.ஐ.ஓ. என்ற சட்ட வடிவிலோ பதிந்த தொண்டு நிறுவனமென்றால் 16 போதும். வயது குறைந்தவர் என்று பொறுப்பு குறையாது. பிழை வந்தால் எல்லோரும்தான் பதில் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அதே நேரம், சமமாகப் பதில் சொல்லவேண்டிய ஒருவரைப் ‘பேசாமல் இரும்’ என்று அடக்கவும் முடியாது. எங்களில் சிலர் தயங்குவது அதற்காகத்தான் என்பது என் சந்தேகம்.

இது தமிழருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. 2017இல் சரிட்டி கொமிஷன் வெளியிட்ட ஆய்விலும் அறங்காவலர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பெண் ஒருவருக்கு ஆண் இருவர். ஆனால் வெள்ளைக்காரரும் அப்படித்தான் என்று ஆறுதல் தேடவா கூட்டம் கூட்டுகிறோம்?

‘உவையளுக்குத் தமிழ் வராது, ஊர் தெரியாது’ என்பீர்கள். கூட்டக் குறிப்பை இரண்டு மொழியிலும் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஊர் எங்களுக்குத்தான் தெரியுமா? எங்களுக்குத் தெரிந்தது 83ஆம் ஆண்டுப் பாடசாலை. இன்றைய அதிபரோடு கிழமைக்கு ஒருதரம் வீடியோவில் கதைப்பது அந்தப் பெண்பிள்ளை, நாங்கள் அல்ல.

ஒருவரை மட்டும் எடுத்தால் அவர் ரீ ஊற்றப் பழகிவிடுவார். ஆகவே இரண்டு பேர். ஞாயிறு பின்னேரம் மூன்று மணித்தியாலம் பழங்கதை பேசும் கூட்டத்தை, கிழமை நாளில் இரவு ஒரு மணித்தியாலமாக சூமில் வையுங்கள். ஒரு பதவியில் ஒருவர் தொடர்ந்து ஆறு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சங்கத்தின் யாப்பில், அதாவது விதிகளில், எழுதுங்கள். அந்த விதி முன்பே இருந்திருந்தால் என்னைப் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே அனுப்பியிருப்பீர்கள். சங்கத்துக்கு நட்டம் ஒன்றும் வந்திராது.

அந்தப் பெண்பிள்ளைக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். பொருளாளராக வரச் சம்மதமா என்றும் கேட்டேன். ‘கையெழுத்து எனக்கும் இருக்குமா, மாமா?’ என்றாள். பதில் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் ஓம் என்றால், கராஜில் இருக்கும் எட்டுப் பெட்டிக் கணக்குகளையும் நானே காரில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். அவளைத் தூக்கச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பொருளாளர்