எழுபதுகளின் சிறந்த ஆல்பங்களைத் தேர்ந்தெடுக்கும் இசை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இசை நண்பர்களுக்கு,

வணக்கம். 1970களில் வெளிவந்த ஆல்பங்களுள் தலைசிறந்தவை எவை என்று சில வாரங்களாக நீங்கள் நடத்திவரும் விவாதத்தை ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். ஐம்பதாண்டுப் பழமையான இசைக்காக இத்தனை பேர் இவ்வளவு ஆர்வத்துடன் வாதிடுவதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் ஓர் ஆல்பத்தில் புகழ்பெற்ற பாடல்கள் எத்தனை, அது எத்தனை பிரதிகள் விற்றது, எந்த இதழ் அதற்கு எத்தனையாவது இடம் கொடுத்தது என்பவற்றையே நம்மில் பெரும்பாலோர் சான்றாகக் காட்டுகிறோம். வாக்கெடுப்பு தொடங்குமுன் ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். முதல் உருப்படியிலிருந்து கடைசி உருப்படிவரை, அமைக்கப்பட்ட வரிசையிலேயே, முழுமையாகக் கேட்ட ஆல்பத்துக்கு மட்டுமே நாம் ஒவ்வொருவரும் வாக்களிக்க வேண்டும்.

நாம் பேசும் பத்தாண்டில் ஆல்பம் என்பது முதன்மையாக இசைத்தட்டு. கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது, இருபத்திரண்டு நிமிட இசை நன்றாக அடங்கும்; அதற்கு மேல் திணித்தால் பள்ளங்கள் நெருங்கி ஒலியின் வலு குறையும். எனவே எந்தப் பாடல் முதல் பக்கத்தை முடிக்க வேண்டும், கேட்பவர் எழுந்து சென்று தட்டைத் திருப்பியபின் எந்த ஒலி அவரை வரவேற்க வேண்டும் என்பதெல்லாம் இசையமைப்பின் பகுதியாகவே கருதப்பட்டன. டேவிட் போவி 1977இல் வெளியிட்ட ‘லோ’ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஏழு சிறிய உருப்படிகள் உள்ளன. இரண்டாம் பக்கத்தில் நான்கே உள்ளன, அவையும் பெரும்பாலும் சொல்லற்ற, மெல்ல நகரும் இசை. அந்தப் பக்கத்தைக் கேட்காதவர் ‘லோ’வைப் பாதி அறிந்தவர்கூட அல்லர், ஏனெனில் முதல் பக்கத்தின் பரபரப்பு எதை நோக்கிச் செல்கிறது என்பதே அங்குதான் புலப்படுகிறது. அதே ஆண்டில் வந்த பாப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’, முதல் பக்கத்தை நம்பிக்கைக்கும் விடுதலைக்கும் ஒதுக்கி, தலைப்புப் பாடலின் நெடிய அணிவகுப்போடு அதை முடிக்கிறது. காதலும் ஆறுதலும் பெரிதும் மறுபக்கத்துக்கு உரியவை. 1976 டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டிலிருந்து உயிர் தப்பியவர் லண்டனில் ஒலிப்பதிவு செய்த ஆல்பம் அது என்பதை எண்ணிக்கொண்டு கேட்டால், அந்த வரிசை இன்னும் ஆழமாகப் படும்.

உங்களில் பலருடைய பட்டியலில் பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ முதலிடத்தில் இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. 1973இலிருந்து 1988வரை 741 வாரங்கள் பில்போர்டு என்னும் அமெரிக்க ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் இருந்தது என்பதைக் காரணமாகச் சொல்வதைத்தான் ஏற்க இயலவில்லை. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே அடங்கும் அந்த ஆல்பத்தின் முதல் பக்கம், பாடகி கிளேர் டோரியின் சொற்களற்ற குரலில் முடிகிறது. (அந்தக் குரலுக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு, இணை ஆக்குநராக அவர் பெயர் ஏற்கப்பட்டது வழக்குக்குப் பின் 2005இல்தான். அவர் பெயரைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் புகழ்வது முறையாகாது.) அந்தக் குரல் ஓய்ந்தபின் வரும் அமைதியில் ஒருவர் எழுந்து தட்டைத் திருப்பினார், அதன்பின் மறுபக்கத்தின் முதல் பாடலான ‘மணி’யில் காசுகள் குலுங்கின. இன்று அந்த அமைதி ஓரிரு நொடிகளாகச் சுருங்கிவிட்டது. முடிந்தவர்கள் முதல் பக்கத்தின் முடிவில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். உங்கள் மதிப்பெண் மாறக்கூடும்.

விற்பனையை அளவுகோலாக்கினால் ஆங்கிலேயப் பாடகர் நிக் ட்ரேக்கின் ‘பிங்க் மூன்’ எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது. 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒரு குரலும் ஒரு கிதாரும் மட்டுமே கொண்டு பதிவாகி, தலைப்புப் பாடலில் மட்டும் சிறிது பியானோ சேர்ந்த அந்த ஆல்பம் மொத்தம் 28 நிமிடங்களே ஓடுகிறது. வெளிவந்தபோது வாங்கியவர்கள் மிகச் சிலர். 1974இல், இருபத்தாறு வயதில் அவர் இறந்தபோதும் நிலைமை மாறியிருக்கவில்லை. அதன் சிறப்பு எந்தத் தனிப்பாடலிலும் இல்லை. ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே குரல் மேலும் மேலும் உள்ளொடுங்கிச் செல்லும் விதத்தில் இருக்கிறது.

இதழ்களின் தரவரிசையைச் சான்றாகக் காட்டும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ரோலிங் ஸ்டோன் இதழ் 2003இல் வெளியிட்ட எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆறாவது இடத்திலும் ஜோனி மிச்சலின் ‘ப்ளூ’ முப்பதாவது இடத்திலும் இருந்தன. அதே இதழின் 2020 பட்டியலில் அவை முறையே முதலிடத்திலும் மூன்றாமிடத்திலும் இருக்கின்றன. 1971இல் வெளிவந்த அவ்விரு ஆல்பங்களிலும் இடைப்பட்ட காலத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், அவர்கள் எதைக் கேட்கத் தயாராக இருந்தார்கள் என்பது மாறியது. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முழுமையாகக் கேட்கப்படுவதற்கென்றே பிறந்தது என்பேன். போரிலிருந்து திரும்பிய ஒருவன் காணும் ஊரை ஒன்பது பாடல்களில் சொல்லும் அந்த ஆல்பத்தில், ஒரு பாடல் முடியுமிடம் தெரியாமல் அடுத்தது தொடங்குகிறது. கடைசிப் பாடல் தணியும்போது முதல் பாடலின் இசை மீண்டும் எழுகிறது. தலைப்புப் பாடலை மட்டும் நூறு முறை கேட்டவருக்கும் அந்த மீட்சி தரும் நடுக்கம் கிடைக்காது.

எந்த ஆண்டுகள் இப்பத்தாண்டில் அடங்கும் என்ற சண்டையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 1979 டிசம்பரில் பிரிட்டனிலும் 1980 ஜனவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்த தி க்ளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தையே எண்பதுகளின் தலைசிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் 1989இல் அறிவித்தது. முதலில் வெளிவந்த நாளைக் கொள்வோம், அத்துடன் விடுவோம்.

எந்த வடிவத்தைக் கேட்பது என்பது இதைவிட முக்கியமான கேள்வி. ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977) உருவானபோது அக்குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸின் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாடல் தட்டில் இடமின்றி நீக்கப்பட்டு, ஒரு தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்துக்குப் போனது. பிற்கால மறுவெளியீடுகள் அதை ஆல்பத்துக்குள் சேர்த்திருக்கின்றன. அருமையான பாடல்தான், ஆயினும் நாம் மதிப்பிடுவது 1977இல் வெளிவந்த ஆல்பத்தை என்றால், அந்தப் பாடல் இல்லாத வரிசையையே கேட்க வேண்டும்.

பாடல் கணக்குப் பார்க்கும் பழக்கம் நம் பட்டியலைக் குறுக்கியும் விடுகிறது, இதுவே எனக்குப் பெரிய கவலை. ஃபேலா குட்டியின் ‘ஸோம்பி’யில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும். நைஜீரியப் படையினரை உயிரற்ற ஏவலாட்களாகப் பாடிய அந்த ஆல்பத்துக்குப் பின், 1977 பிப்ரவரியில் படையினர் அவருடைய இருப்பிடத்தைத் தாக்கி எரித்தனர். மாடியிலிருந்து வீசப்பட்ட அவருடைய தாய் அடுத்த ஆண்டு இறந்தார். ஓர் இசைத்தட்டு ஓர் அரசை அவ்வளவு சினப்படுத்தியது. நம் விவாதத்தில் அதன் பெயரை இதுவரை இருவரே சொல்லியிருக்கிறார்கள். ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம், ஆர். ராகவன் ஆகியோர் சேர்ந்து மேடையில் வாசித்த ‘சக்தி’யின் (1976) இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, இருபத்தொன்பது நிமிடம். வயலினும் கிதாரும் ஒன்றையொன்று துரத்திக் களைத்தபின் கடமும் தபலாவும் பேசத் தொடங்கும் இடத்தை அடைய, முன்னே ஓடியதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். துண்டு துண்டாகக் கேட்பவருக்கு இவ்விரு ஆல்பங்களும் இல்லாதவை போலவே ஆகின்றன.

இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பத்து ஆல்பங்கள், ஒன்றுக்கு நாற்பது நிமிடம் என்றால் ஏழு மணி நேரம்கூட ஆகாது. ஒரு மாதத்தில் அதை ஒதுக்க முடியாதவர் ஐந்து ஆல்பங்களின் பெயரை மட்டும் தரட்டும். கேட்ட ஐந்து, கேள்விப்பட்ட பத்தைவிட மேல். வரிசை குலைந்து கேட்பது கலைஞர்களுக்கே வலிக்கிறது என்பதற்கு, ஆல்பங்களைக் கலைத்து ஒலிக்கும் பொத்தானை முன்னிருந்து அகற்றுமாறு 2021இல் இணைய இசைச் சேவையான ஸ்பாட்டிஃபையிடம் பாடகி அடெல் கேட்டுப் பெற்றதே போதிய சான்று.

இதை நான் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. முன்பு நடந்த இத்தகைய வாக்கெடுப்பு ஒன்றில், மூன்றே பாடல்களை அறிந்திருந்த ஓர் ஆல்பத்துக்கு இரண்டாமிடம் கொடுத்தேன். பின்னர் அதை முழுமையாகக் கேட்டபோது, அதன் இரண்டாம் பக்கம் எனக்கு எதையும் தரவில்லை. என் வாக்கு பின்தள்ளிய ஏதோ ஒரு நல்ல ஆல்பத்துக்கு நான் அநியாயம் செய்தேன் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

இம்முறை நான் எழுதிவைத்திருக்கும் பத்தில் எட்டை இந்த மாதத்தில் முதலிலிருந்து முடிவுவரை கேட்டுவிட்டேன். பிரேசில் நாட்டின் மில்டன் நாசிமென்ட்டோவும் லோ போர்ஜெஸும் 1972இல் வெளியிட்ட ‘க்ளூப் த எஸ்கீனா’, ஸ்டீவி வொண்டர் 1976இல் இரண்டு தட்டுகளும் நான்கு பாடல்கள் கொண்ட ஒரு சிறு தட்டுமாகத் தந்த ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ ஆகிய இரண்டும் எஞ்சியுள்ளன. வாக்கெடுப்பு முடிவதற்குள் அவற்றைக் கேட்க இயலாவிட்டால், எட்டுப் பெயர்களுடனேயே என் பட்டியலை அனுப்புவேன்.

அன்புடன்,
உங்களுள் ஒரு ரசிகன்