பதாகையில் பதினோரு முகங்கள்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலியோடு பேத்திக்குப் பள்ளி தேடி அலைகிறாய் என்று படித்ததும் உன் பழைய பிடிவாதம்தான் நினைவுக்கு வந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், ஜாதகம்தான் இழுக்கிறது.

உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி வாசலில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் பதினோரு பேர் தேறியதாகப் பதாகை கட்டியிருக்கிறார்கள், அங்கேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பதினோரு பேர் என்பது லேசான காரியமில்லை. தமிழகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 6,695 பேருக்குத்தான் அது கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது பெரிய தெம்பு.

ஆனால் அந்த எண்ணை வைத்துப் பள்ளியை எடைபோடாதே. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதினோரு பேருக்குப் பின்னால் அநேகமாக ஒரே ஓர் ஆசிரியர் இருப்பார். சனிக்கிழமையும் பிள்ளைகளை வரவழைத்து எண் தொடர், கண்ணாடிப் பிம்பம் என்று மனத்திறன் தாளுக்கு 90 நிமிடத்தில் 90 கேள்வி போட வைப்பார். இயந்திரம் திருத்தும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் கோடு தாண்டாமல் வட்டத்தை நிரப்பவே தனிப் பயிற்சி நடக்கும். அவர் மாறுதலில் போய்விட்டால் அடுத்த ஆண்டு பதாகைக்கு வேலையிருக்காது.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கித் தனி அறையில் உட்கார வைத்தார்கள். மீதிப் பிள்ளைகளில் பலருக்கு வகுத்தலே வராது. அதை யாரும் கேட்கவில்லை.

பக்கத்துத் தனியார் பள்ளியோடும் ஒப்பிடாதே. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். பெற்றோரின் ஆண்டு வருமானமும் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது.

ஒரு வேலைநாளில் நேரே போ. எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று கேள். முடிந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டு. சிவப்பு மை வெறும் 'சரி' குறியோடு நிற்கிறதா, தப்பைத் திருத்தியிருக்கிறதா என்று பார். எனக்கு அதுதான் சாட்சி.

பேத்தி எந்த வகுப்பு என்று எழுதவில்லையே? என்னிடம் பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன். பதாகையில் அவள் முகமும் வந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

அன்புடன்,
ராகவன்