குரங்குக் கூண்டில் ஒரே தட்டு

ஐயா,

பள்ளி விடுமுறைக்குப் பேத்தியை ஓர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். நாட்டுக் குரங்குக் கூண்டில் மதிய உணவை ஒரே தட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். பெரிய கடுவன் (ஆண் குரங்கு) தட்டை மறித்து உட்கார்ந்துகொண்டது. குட்டியோடு கிட்டே வந்த மந்திக்குத் தோளில் கடி. ‘குரங்குப் புத்தி’ என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. 26 வருடம் குரங்குகளுக்கு உணவு வைத்தவன் நான். அந்தக் கடியை வரவழைத்தது தட்டு.

காட்டில் இந்தக் குரங்குகள் இலை, பழம், பூச்சி என்று பகல் முழுக்கப் பொறுக்கித் தின்னும். பரந்து கிடப்பதை எந்தக் கடுவனாலும் காவல் காக்க முடியாது. குவித்து வைத்தால் முடியும். கடுவனுக்கு அடுத்தபடி அந்தஸ்தில் உயர்ந்த மந்தியும் அதன் மகள்களும் வருவார்கள். தாயின் அந்தஸ்துதான் மகளுக்கு. கடைசித் தாயின் பிள்ளைகளுக்குப் பழத்தோல்தான் மிஞ்சும். கிடைத்ததைக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு ஓடிப்போய், மூலையில் வைத்துத் தின்னும்.

என் பொறுப்பில் 11 குரங்குகள் இருந்தன. காது கிழிந்த மந்தி ஒன்று, செல்லி என்று கூப்பிடுவேன், விலா எலும்பு தெரிய நிற்கும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தும் தேறவில்லை. முதலில் பழத்தையும் கேரட்டையும் பொடியாக நறுக்கிப் பார்த்தேன். நறுக்கினாலும் குவியல் குவியல்தானே, சண்டை நிற்கவில்லை. அப்புறம் ஒரு தட்டை எட்டு இடமாகப் பிரித்தேன். கட்டைக்குப் பின்னால், பாறை மறைவில், மேல் பலகையில் என்று, ஓரிடத்தில் இருந்தால் இன்னொன்று கண்ணில் படாதபடி வைத்தேன். நிலக்கடலையை வைக்கோலுக்குள் தூவினேன். பத்து நிமிடத்தில் முடிந்துபோகும் சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. கடுவன் கடலை பொறுக்குவதிலேயே மும்முரமாக இருக்கும். செல்லி மேல் பலகையில் நிம்மதியாகத் தின்னும். இரண்டு மாதத்தில் அதன் ரோமம் மினுங்கியது. அந்த வருடம் தையல் போட வேண்டிய காயம் ஒன்றே ஒன்றுதான்.

பழமும் கடலையும் அதே அளவுதான். ஆனால் காப்பாளருக்கு அரை மணி நேரம் கூடுதல் வேலை. வைக்கோலையும் அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒருவரே ஆறு கூண்டு பார்க்கிற இடத்தில் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. அதனால் கொட்டிவிட்டு ஓடுகிற தம்பிகள் மேல் எனக்குக் கோபமில்லை. கூடுதல் ஆள் போடுங்கள் என்றுதான் பூங்கா நிர்வாகங்களைக் கேட்கிறேன். பார்வையாளர்கள் கம்பி வழியே பிஸ்கட் எறிவதையும் தடுக்க வேண்டும். பேத்தியோடு போன அன்றைக்கு இரண்டாவது சண்டை ஒரு பிஸ்கட்டுக்காக வந்தது, அதிலும் அடி வாங்கியது குட்டி வைத்திருந்த அதே மந்திதான்.

– ஓய்வுபெற்ற விலங்குக் காப்பாளர், விருத்தாசலம்