நீ வைத்துவிட்டு வந்த அந்த டப்பா

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே கோபம் தலைக்கேறியதால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கோபம் உன்னை ஏமாற்றுக்காரன் என்ற அந்தக் குழுவினர் மேல்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உன் மேலும் கொஞ்சம் இருந்தது. இப்போது தணிந்திருக்கிறது, எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதியைப் பேசிவிடுவோம். உன் மகள் தன் முதல் ஜியோகேச்சை, அதாவது யாரோ ஒளித்துவைத்து இடத்தின் எண்களை இணையத்தில் போட்ட பெட்டியை, தானே கண்டெடுத்தாள் என்று படித்தபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. ஒரு பளிங்குக் குண்டை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன் புது வண்ணப் பென்சிலை வைத்தாள் என்று எழுதியிருந்தாய். எடுத்ததற்குச் சமமானதை, முடிந்தால் அதைவிட நல்லதை வைக்க வேண்டும் என்ற வழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் செய்திருக்கிறாள். பெரியவர்கள் எத்தனை பேர் பொம்மையை எடுத்துக்கொண்டு கிழிந்த ரசீதை வைத்துவிட்டுப் போகிறார்கள் தெரியுமா? பெட்டியிலிருந்த டிராவல் பக்கை, பெட்டிக்குப் பெட்டி பயணம் போகும் அந்தப் பொருளை, அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறாள், எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தாய். மறுக்காதே. அந்த உலோகத் தகட்டில் இருக்கும் எண்ணை அவளோடு சேர்ந்து பதிவுசெய், அது இதுவரை எந்தெந்த ஊர் வழியாக வந்திருக்கிறது என்று வரைபடத்தில் காட்டு. அதன் சொந்தக்காரர் அதை எங்கே அனுப்ப நினைத்திருக்கிறார் என்பதையும் படித்துக் காட்டு. அடுத்த பெட்டி வரை அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தன்னுடையது என்று தெரிந்தால், அவளே உன்னைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போவாள்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டது இதுதான். அந்த மரப்பாலத்தின் அருகே இரண்டு மணி நேரம் தேடினாய், கிடைக்கவில்லை. மறைத்தவர் பல மாதங்களாக எந்தப் பதிலும் எழுதவில்லை. பெட்டி தொலைந்துபோயிருக்கும் என்று முடிவுசெய்து, பையிலிருந்த ஃபிலிம் டப்பாவில் ஒரு துண்டுத் தாளைப் போட்டுப் பாலத்துக்கு அடியில் வைத்தாய். அந்தத் தாளில் உன் பெயரை எழுதினாய். பிறகு இணையத்தில் 'கண்டுபிடித்தேன்' என்று பதிவுசெய்தாய். அடுத்தவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான் உனக்கு. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பிறகு மறைத்தவர் திரும்பி வந்து உன் பதிவை நீக்கினார், குழுவில் உன்னை ஏமாற்றுக்காரன் என்றார்கள். நீ கோபித்துக்கொண்டு உன் பெட்டிகள் ஆறையும் மூடப் போவதாக எழுதியிருக்கிறாய்.

உன்னை அப்படிச் சொன்னது தவறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவன் செய்த காரியத்தைக் குறை சொல்வதும் அவன் குணத்தைக் குறை சொல்வதும் ஒன்றல்ல. பலர் கூடியிருக்கும் இடத்தில் சொன்னது அதைவிடத் தவறு. ஆனால் அந்தப் பதிவை நீக்கியது சரி என்றே நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன ஆண்டு எனக்கும் இதே கதை நடந்தது, மறைத்தவன் பக்கத்திலிருந்து. ஏரிக்கரையில் ஒரு பட்ட மரத்தின் வேரடியில் நான் வைத்த பெட்டி உனக்கு நினைவிருக்கும். வெளிப்புறம் முழுக்க மரப்பட்டையை ஒட்டி, அந்த வேரோடு வேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று வாரம் உழைத்தேன். யாரோ ஒருவர் வந்து தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. உன்னைப் போலவே ஒரு ஃபிலிம் டப்பாவைப் பக்கத்துக் கல் இடுக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரையும் சேர்த்து, அடுத்த ஐந்து மாதங்களில் பதிவுசெய்த பதினான்கு பேரும் அந்த டப்பாவில்தான் பெயர் எழுதியிருந்தார்கள். 'எளிதாகக் கிடைத்தது, நன்றி' என்று எழுதினார்கள். கடினம் ஐந்துக்கு நாலு என்று நான் போட்டிருந்த பெட்டி எப்படி எளிதாகக் கிடைக்கும் என்று நேரில் போய்ப் பார்த்தேன். என் பெட்டி வைத்த இடத்திலேயே, ஒரு விரல்கூட நகராமல் இருந்தது. பதிவேடு காய்ந்திருந்தது. ஐந்து மாதங்களாக அதை யாரும் திறக்கவில்லை. அன்று அந்த வேரடியில் உட்கார்ந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதினான்கு பேருக்காக நான் ஒளித்துவைத்த ஒன்று அவர்கள் யாருக்குமே போய்ச் சேரவில்லை.

நீ மறுத்துச் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: "உன் பெட்டி இருந்தது, பாலத்துப் பெட்டி நிஜமாகவே தொலைந்துபோயிருந்தால்?" இருக்கலாம். ஆனால் தேடுபவனுக்கு அது எப்படித் தெரியும்? கைபேசியில் வரும் செயற்கைக்கோள் கணக்கு திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். மரங்கள் அடர்ந்த இடத்திலும் பாலத்துக்கு அடியிலும் இன்னும் அதிகமாகப் பிசகும். மறைத்தவரின் கருவியும் அன்று தன் பங்குக்குப் பிசகியிருக்கும். இரண்டு பிசகும் எதிரெதிர்த் திசையில் போனால், நீ இரண்டு மணி நேரம் சலித்த இடத்தில் பெட்டி எப்போதுமே இருந்திருக்காது. 'இல்லை' என்று சொல்ல மறைத்தவரால் மட்டுமே முடியும். நம்மால் சொல்ல முடிந்தது 'எனக்குக் கிடைக்கவில்லை' என்பதுதான்.

அப்படிச் சொல்வதற்கென்றே ஒரு பதிவு இருக்கிறதே, நண்பா! 'கண்டுபிடிக்கவில்லை' என்று பதிவுசெய்ய மக்கள் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. தோல்விப் பட்டியலில் பெயர் சேர்வதாக நினைக்கிறார்கள் போலும். இந்த ஆட்டத்தில் தேடுபவன் மறைத்தவனுக்கு அனுப்பக்கூடிய மிகப் பயனுள்ள கடிதம் அதுதான். அதுபோல் மூன்று வரிசையாக வந்தால், போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவேன். அந்த ஃபிலிம் டப்பாவை வைத்தவர் 'கிடைக்கவில்லை' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால், மறுநாளே நான் அவருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருப்பேன்.

கிடைக்காதபோது தானே ஒரு டப்பாவை வைத்துவிடும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீளமான சாலையோரங்களில் நூற்றுக்கணக்கில் வைக்கப்படும் பெட்டி வரிசைகளான பவர் டிரெயில்களிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று அழைக்கப்படும் 375ஆம் எண் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதியே அங்கே அளவுகோல் ஆகிவிட்டது. அத்தகைய வரிசைகளில் எல்லாம் ஒரே மாதிரி டப்பாக்கள். ஒன்று காணாமல் போனால் நீங்களே ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்று மறைத்தவர்களே கேட்டுக்கொள்வதும் உண்டு. அங்கே அது நியாயம்தான். வைத்தவரே அனுமதி தந்துவிட்டார், எந்த டப்பாவுக்கும் தனி முகம் இல்லை. அந்தச் சாலையின் நியாயத்தை ஒருவர் மூன்று வாரம் உழைத்துச் செய்த பெட்டிக்குக் கொண்டுவருவதுதான் தவறு. பவர் டிரெயில்களை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதே. ஒரே நாளில் ஐந்நூறு பெட்டி தேடும் நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டு உழைப்பில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் அது வேறு ஆட்டம்.

இன்னொன்றையும் நினைத்துக்கொள்கிறேன், இந்த ஆட்டம் தொடங்கிய கதையை. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், இடம் காட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிட்டார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வாளிக்குள் ஒரு பதிவேடும் பென்சிலும் சில பொருள்களும் இருந்தன. ஏதாவது எடுத்துக்கொள், ஏதாவது வை, பதிவேட்டில் எழுது: அவ்வளவுதான் விதி. மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் நம்பினார். பிறகு எத்தனையோ விதிகள் வந்துவிட்டன. இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் பட்ட துன்பத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பியில் ஓர் உணவகத்தின் வெளியே வைத்த சின்னப் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவையே அடைத்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கவைத்தார்கள். பெட்டியின் மேல் அது என்ன என்று எழுதி வைப்பதை நான் கட்டாயமாக்கிக்கொண்டது அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான். ஆனால் எத்தனை விதி வந்தாலும், பதிவேட்டில் எழுதிய வரி உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் எல்லாம் நிற்கிறது.

ஒரு புதுப் பெட்டியை முதலில் கண்டவர் யார் என்ற சண்டையைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதில் எனக்கு ஆர்வமே இல்லை. அதிகாரபூர்வமாக அப்படி ஒரு கணக்கே கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால் இரண்டு பேரும் பெயரை எழுதிவிட்டுக் கைகுலுக்கிக்கொள்ளட்டும்.

என் பங்குக்கு நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு பதிவுகளையும் அன்று இரவே ஒரே மூச்சில் நீக்கினேன். ஃபிலிம் டப்பாவை எதிர்கொண்டவர்களின் பதிவை ஏற்பதும் மறுப்பதும் மறைத்தவனின் முடிவு என்பதால் எனக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் வைத்தவர் ஒருவர், ஏமாந்தவர்கள் பதின்மூன்று பேர். அவர்கள் நேர்மையாகத் தேடினார்கள், கையில் கிடைத்த தாளில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், மழையில் நனைந்து தன் பேரனோடு வந்ததாக நான்கு பத்தி எழுதியிருந்தார். அந்த நான்கு பத்தியும் என் விரல் நுனியில் அழிந்துபோனது. பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "நான் என்ன தவறு செய்தேன்?" பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டேன். மீண்டும் பதிவுசெய்யும்படி பதின்மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒன்பது பேர் திரும்பப் பதிந்தார்கள். பெரியவரும் பேரனும் மறுபடி நேரில் வந்து, இந்த முறை வேரடியில் இருந்த பெட்டியையே எடுத்தார்கள். அவர் பதிவேட்டில் எழுதிய பக்கத்தை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது காட்டுகிறேன்.

உன் பாலத்து மறைத்தவரும் ஒருவேளை அதே இரவைக் கடந்துகொண்டிருக்கலாம். அவருக்குத் தனியாக எழுது. குழுவில் எழுதாதே, அங்கே நடுவர் வேலை பார்க்க நாற்பது பேர் காத்திருப்பார்கள். 'நல்லது என்று நினைத்து வைத்தேன், எடுத்துவிடுகிறேன், என் பதிவைக் கிடைக்கவில்லை என்று மாற்றிக்கொள்கிறேன்' என்று மூன்று வரி போதும். உன்னை ஏமாற்றுக்காரன் என்றது வலித்தது என்பதையும் சேர்த்தே எழுது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

பெட்டிகளை மூடாதே. அந்த ஆறில், பாறைப் பிளவில் இருப்பதைத் தேடி நான் இரண்டு முறை தோற்றுத் திரும்பியிருக்கிறேன். இரண்டு முறையும் 'கண்டுபிடிக்கவில்லை' என்றே பதிந்திருக்கிறேன், போய்ப் பார். மூன்றாவது முறைக்கு எனக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு எனக்கு ஓய்வு. பாலத்துக்குச் சேர்ந்தே போவோம். உன் டப்பாவை எடுத்துக்கொண்டு, பிறகு மெதுவாக நிஜப் பெட்டியைத் தேடலாம். மகளையும் கூட்டிக்கொண்டு வா. நம் இருவர் கண்ணுக்கும் படாதது அவள் உயரத்தில் இருந்து தெரியக்கூடும். டார்ச் விளக்கு நான் கொண்டுவருகிறேன். நீ பென்சில் எடுத்து வா. ஈரத்தாளில் பேனா எழுதாது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்