பெரிய சிங்கி இறாலைக் கடலிலேயே விட்டுவிடுங்கள்

டாஸ்மேனியாவில் சிங்கி இறால் பிடிக்கப் போகும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஃபோர்டெஸ்க்யூ வளைகுடாவில் ஒரு ராட்சத கெல்ப் கரை ஒதுங்கிக் கிடந்தது. இழுத்து நீட்டிப் பார்த்தேன், பதினைந்து அடிக்கு மேல் வந்தது. அதுவும் அறுந்து வந்த துண்டுதான். ஒவ்வொரு இலையின் அடியிலும் பேரிக்காய் வடிவத்தில் ஒரு சின்னக் காற்றுப்பை. விரலால் அழுத்தினேன், அமுங்கவே இல்லை.

ஊரில் பாசி என்றால் நமக்குக் குளத்துப் படியில் வழுக்குவதுதான் ஞாபகம் வரும். இதுவும் பாசிதான், ஆனால் காடாக வளர்கிற பாசி. வேர் கிடையாது. அடியில் விரல்விரலாகப் பிரிந்த ஒரு பிடிப்பு பாறையைக் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. சத்தை எல்லாம் இலையும் தண்டும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்றுப்பைகள் உடம்பை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கும். தண்ணீர் குளிர்ச்சியாக, நைட்ரேட் நிறைந்து இருந்தால் ஒரே நாளில் அரை மீட்டர் வரைகூட வளரும். அந்தத் தண்ணீர்தான் இப்போது இங்கே இல்லை. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் சத்தில்லாத வெதுவெதுப்பான நீரைத் தெற்கே தள்ளித் தள்ளி, கிழக்குக் கரையின் கெல்ப் காடுகளில் சுமார் 95 சதவீதம் போய்விட்டது. 2012இல் ஆஸ்திரேலிய அரசே இதை அழியும் நிலையில் உள்ள சூழல் என்று பட்டியலில் சேர்த்தது.

சூட்டை நாம் நிறுத்த முடியாது, சரி. ஆனால் அதே நீரோட்டத்தில் இன்னொன்றும் வந்தது: நீள முள் கடல் முள்ளெலி, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் கடல் உயிரி. இதன் குஞ்சுகள் 12 டிகிரிக்குக் கீழே பிழைக்காது. கடல் சூடானதால் பிழைத்துக்கொண்டன. 1978இல் செயின்ட் ஹெலன்ஸ் பக்கம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இன்று அது மேய்ந்த இடங்களில் பாசி என்று பேருக்குக்கூட எதுவும் மிஞ்சுவதில்லை, மொட்டைப் பாறைதான். அங்கே சிங்கி இறாலுக்கும் ஒதுங்க இடமில்லை, அபலோன் என்கிற கடல் நத்தைக்கும் தீனியில்லை.

இந்த முள்ளெலியை உடைத்துத் தின்னக்கூடியது பெரிய சிங்கி இறால். முதுகு ஓடு மட்டும் 140 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், சின்னதுக்கு அந்த முள்ளைச் சமாளிக்க முடியாது. நாமோ பல வருடமாக 110 மில்லிமீட்டர் தொட்ட ஆண் இறாலையே எடுத்துவிடுகிறோம். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் 110க்கும் 140க்கும் நடுவில் வளர அதற்குச் சில வருடங்கள் வேண்டும், அந்த வருடங்களை நாம் கொடுப்பதே இல்லை. தப்பித் தவறி வளர்ந்த ஒன்றைப் பிடித்தால், தூக்கிப் பிடித்து வாட்ஸப்பில் படம் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது.

டாஸ்மேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூட்டைத் தாங்கி மிஞ்சிய கெல்ப்பிலிருந்து நாற்று வளர்த்துக் கடலில் நட்டுவருகிறார்கள். நகத்தளவு இருக்கும்போதே முள்ளெலி மேய்ந்துவிட்டால் அந்த உழைப்பு அத்தனையும் வீண்.

அதனால் கேட்கிறேன். அடுத்த சீசனில் கூண்டைத் தூக்கும்போது 140க்கு மேல் ஒன்று வந்தால், அளந்து பார்த்துவிட்டு, வாலை உடைக்காமல் மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள். குழம்புக்கு அளவான ஒன்று அதே கூண்டில் இருக்கும். பெண் இறால் என்றால், பெரியவள் சின்னவளைவிடப் பல மடங்கு முட்டை சுமப்பாள். படம் வேண்டுமென்றால் விடுகிற கையைப் படம் எடுத்துப் போடுங்கள், முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.

அன்புடன்,
ஹோபார்ட்டிலிருந்து உங்களில் ஒருவன்